கட்டிலுக்கு மட்டும் ஓட்டுத் தையல்

பிப்ரவரி 4

அன்பு மகள் பூச்சிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நான் எழுந்தால் அது எழ மாட்டேன் என்கிறது. உங்கப்பாவுக்கு இருமல் போய்விட்டது, இருமுகிற பழக்கம்தான் போகவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது உன் சட்டை அளவில் ஒரு இஞ்ச் குறைந்திருந்தது. நான் சொல்லவில்லை, டேப் சொன்னது.

போனில் பேசலாம் என்றால், நான் பத்து நிமிடம் பேசுவேன், நீ பத்து 'ம்' சொல்வாய். உன்னிடமிருந்து நாலு வார்த்தை வேண்டுமென்றால் கையில் தாளைத்தான் கொடுக்க வேண்டும். வாயில்லாப் பூச்சி என்று உனக்குப் பெயர் வைத்தவள் நான்தானே.

விஷயம் இதுதான். உங்கப்பா மே மாதக் கடைசியில் ரிடயராகி பஸ் ஸ்டியரிங்கை விடுகிறார். ஜூன் முடிவதற்குள் டிப்போ குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு பார்த்தாயிற்று. முதல் மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. சமையலறையில் நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். உங்கப்பா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "மினி பஸ் சைஸ் இருக்கு" என்றார். "மினி பஸ்ஸுக்கு ரெண்டு வாசலாவது இருக்கும்" என்றேன். ஆனால் ஹாலில் பெரிய ஜன்னல். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியே வேண்டாம், அவ்வளவு வெளிச்சம். "முழங்காலை வச்சுக்கிட்டு மாடியா?" என்று உங்கப்பா கேட்டார். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்தானே ஏறப் போகிறார்கள்? ஏறி ஏறி அவர்களுக்கு இடுப்பு குறையும், எனக்குத் துணி மிச்சமாகும்.

நீ ஊரையே படமாகப் போடுகிறவள். எங்கள் ஹாலுக்கு ஒரு படம் போட்டுத் தா. கதவு எதுவும் இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான், ஜன்னல் சுவர். அதன் நீளம் பதினோரு அடி நாலு இஞ்ச், உங்கப்பா அளந்தது. சாமான்களை நான் அளந்தேன். மிஷின் 38 இஞ்ச், பீரோ 38, உன் கட்டில் 79. மற்றவை படுக்கையறைக்குப் போகும். அங்கே எங்கள் கட்டிலைப் போட்டபின் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க முடியும்.

ஜூலையில் உன் இரண்டு வருஷத் தற்காலிக வேலை முடிந்து வந்துவிடுவாய். வந்து தரையிலா படுப்பாய்? அதனால் முதலில் உன் கட்டில், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பதில் போடு. 'ம்' என்று மட்டும் எழுதி அனுப்பாதே.

உன் அம்மா


பிப்ரவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

ம்.

கோபப்படாதே, சும்மா எழுதிப் பார்த்தேன். நான் நலம். ஒரு இஞ்ச் திரும்பி வந்துவிட்டது என்று டேப்பிடம் சொல். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? அப்பா படி ஏறும்போது மூச்சு வாங்குகிறாரா?

இங்கே வரைபடப் பிரிவில் நாங்கள் நாலு பேர், நாலு சாய்வு மேசை. யாரும் அதிகம் பேசுவதில்லை. அதிலும் நான்தான் குறைவு என்று பிரிவுத் தலைவி சொல்கிறார். "உன் கோடு நல்லா பேசுது. நீ எப்ப பேசப் போற?" என்று நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் மேசைக்கு எதிரே ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. வந்த புதிதில் அதைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்ப்பேன். இப்போது அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரிவதில்லை.

படம் போட்டுவிட்டேன், இதனுடன் வைத்திருக்கிறேன். செய்தி நல்லதில்லை. சாமான்களைக் கூட்டினால் 155 இஞ்ச். சுவர் 136. பத்தொன்பது இஞ்ச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. பீரோவில் பாதி அவர்கள் வீட்டில் இருக்கும். பூட்டு நம் பக்கம் வருமாறு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பட்டியலில் நீ துணி விரித்து வெட்டுகிற வெட்டு மேசையைக் காணோமே? ஆறடிக்கு மூன்றடி மேசையை எப்படி மறந்தாய்? கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டே கண்ணாடி தேடுகிறவர் அப்பாதான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் மகள்
பூச்சி


பிப்ரவரி 15
(இதை அனுப்பவில்லை)

அம்மா,

காலையில் போட்ட கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன்.

பிரிவுத் தலைவி என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். என் வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். மே 31க்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போட்டால் நான் இங்கேயேதான். ஜூலையில் வரப்போவதில்லை.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அம்மா. ஒரு வாய்க்கால் எங்கே வளைகிறதோ அங்கே என் பென்சிலும் சரியாக வளையும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். உன்னிடம்தான் சொல்லவும் முடியவில்லை.

கல்லூரிக்கு அனுப்பியபோது, "படிச்சுட்டு எங்கேயும் போயிடாத" என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது சண்டையாவது போடலாம். நீ கட்டில் அளவை எழுதி அனுப்பியிருக்கிறாய்.


மார்ச் 3

அன்பு மகள் பூச்சிக்கு,

சுகம். நீயும் சுகம்தான் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது; வரி கோணாமல் இருக்கிறது.

உன் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன். உங்கப்பா தினமும் அதன் முன் நின்று விரலால் வண்டி ஓட்டுகிறார். "வாசல்ல எடுத்து, லெஃப்ட் ஒடிச்சு, பீரோ ஸ்டாப், அப்படியே நேரா மிஷின் ஸ்டாப்." காஜா அக்காவைத் தெரியுமில்லையா, நான் தைக்கிற சட்டைக்கெல்லாம் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாளே, அவள் வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, பொண்ணு காலேஜ்ல படிச்சிருக்கே, வீட்டுக்கு ஒரு கூரை போட மறந்துடுச்சே!" என்றாள். இது மேலிருந்து பார்க்கிற படம் என்று விளக்கினேன். "மேலேர்ந்து யாரு பாக்கப் போறா, காக்காவா?" என்கிறாள்.

வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. நாங்கள் போனபோது ஹாலைக் காட்டி, "எத்தனை பேரு?" என்று கேட்டார். உங்கப்பா "ரெண்டு" என்றார். நான் "மூணு" என்றேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒன்று கேட்க வேண்டும். மிஷின், பீரோ எல்லாவற்றுக்கும் முழுக்கோடு போட்டிருக்கிறாய். உன் கட்டிலுக்கு மட்டும் விட்டு விட்டுக் கோடு. பார்த்தால் ஓட்டுத் தையல் மாதிரி இருக்கிறது. மிஷினில் கொடுப்பதற்கு முன்னால் துணி நழுவாமல் இருக்கக் கையால் எட்ட எட்டக் குத்தி வைப்பேனே, அது. சட்டை முடிந்ததும் இழுத்துப் பிரித்துப் போட்டுவிடுவோம். என்ன, பென்சில் முனை ஒடிந்துவிட்டதா?

மேசையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

வெந்நீர் குடி. தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு.

உன் அம்மா


மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தலையைத் துவட்டுகிறேன். இங்கேயும் வெயில்தான். ஆனால் நான் கேட்டது மேசையை.

காஜா அக்காவிடம் சொல், அடுத்த படத்தில் கூரை போட்டு, புகைபோக்கியும் வைத்து, மேலே ஒரு காக்காவும் வரைந்து அனுப்புகிறேன்.

இரண்டாவது படம் வைத்திருக்கிறேன். பீரோவைப் படுக்கையறைக்கு மாற்றிப் பார்த்தேன். பீரோ நுழைகிறது, ஆனால் அதற்கப்புறம் கதவு திறக்காது. அப்பா ஜன்னல் வழியாகத்தான் படுக்கப் போக வேண்டும். மிஷினைச் சமையலறைக்குக் கொண்டுபோனால் நீ ஒரு காலால் மிதித்துக்கொண்டே ஒரு கையால் அடுப்பைத் தணிக்கலாம். அதுவும் சரிவரவில்லை. சுவர் பத்தொன்பது இஞ்ச் குறைகிறது. எப்படிப் போட்டாலும் குறைகிறது.

கட்டிலுக்கு விட்டு விட்டுப் போட்டது முனை ஒடிந்ததால் இல்லை. எங்கள் பிரிவில் இன்னும் முடிவாகாததை அப்படித்தான் வரைவோம். போடப் போகிற சாலை, கட்டப் போகிற பாலம். கட்டில் எந்த மூலைக்கு என்று முடிவாகவில்லை, அதனால்தான். வேறொன்றுமில்லை.

முழங்காலுக்கு மருந்து தடவு. அப்பாவுக்கு என் அன்பு.

பூச்சி


ஏப்ரல் 6

அம்மா,

நான் எழுதி மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. போனில், "வேலை இருக்கு, அப்புறம் எழுதறேன்" என்று வைத்துவிட்டாய். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறாய் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. நலம்தானே? ஒரு வரி போதும். 'ம்' என்றாலும் போதும்.

பூச்சி


ஏப்ரல் 21

என் மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம், பிரேக் டவுன் எதுவும் இல்லை. நீ கவலைப்படாதே. நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாருக்கு சார், லவ் லெட்டரா?" என்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். நான் சொன்னதாகச் சொல்லாதே. உன் இரண்டாவது கடிதம் வந்த நாளிலிருந்து அவள் ஒரு மாதிரி இருக்கிறாள். படத்தின் முன்னால் நிற்கிறாள். கேட்டால், "வெளிச்சம் பாக்குறேன்" என்கிறாள். சுவரில் என்ன வெளிச்சம்?

வெட்டு மேசையைக் காஜா அக்காவுக்குக் கொடுக்கப் போகிறாளாம், இந்த மாதக் கடைசியில். உன் கட்டிலும் மேசையும் ஒரே ஹாலில் நிற்காதாம். "அப்புறம் நீ எதுல வச்சு வெட்டுவ?" என்று கேட்டேன். "தரை இல்லையா?" என்கிறாள். அந்த முழங்காலோடு தரையில் உட்கார்ந்து வெட்டுவாளா? இரண்டு சட்டை வெட்டுவாள், மூன்றாவது சட்டைக்கு நான்தான் தூக்கிவிட வேண்டும். அப்படியே தையலை விட்டுவிடுவாள். விட்டால் அவள் உட்கார்ந்த இடத்தில் துருப்பிடித்துப் போவாள். முப்பது வருஷமாக இன்ஜின் சத்தம் கேட்டவன் சொல்கிறேன்.

படம் போடுகிறவள் நீதானே, ஏதாவது செய்து இரண்டையும் நுழைத்துவிடு. அளவு தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்படாதே. நான் ஏனோதானோ என்று அளக்கவில்லை. சந்துக்குள் வண்டி விடுகிறவனுக்குத் தெரியும், சைடு கண்ணாடி உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் விட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சுவருக்கும் அப்படித்தான், பக்கத்துக்கு நாலு நாலு இஞ்ச் கழித்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரோட்டைப் பார்த்து நட.

அப்பா


ஏப்ரல் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். வெட்டு மேசையைக் கொடுக்காதே. யார் சொன்னது என்று கேட்காதே. கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது, அப்பா மாட்டிக்கொள்வார்.

முதலில் அளவு. அப்பா சுவரைப் பஸ் போகிற சந்து என்று நினைத்து, சைடு கண்ணாடிக்காக எட்டு இஞ்ச் கழித்திருக்கிறார். நம் ஹாலுக்குள் எந்த வண்டியும் வரப் போவதில்லை என்று அவரிடம் சொல். சுவர் பன்னிரண்டு அடி, அதாவது 144 இஞ்ச்.

இனி நீ. மிஷின் 38 இஞ்ச் என்று எழுதியிருந்தாய். ஆறாம் வகுப்பில் அந்த மிஷின் பலகையின் ஓரத்தில் நான் பிளேடால் இஞ்ச் இஞ்ச்சாகக் கோடு கீறி உன்னிடம் அடி வாங்கினேன், நினைவிருக்கிறதா? முப்பத்து நாலு கோடு. எண்ணி எண்ணித்தான் அடித்தாய். அப்புறம் எப்படி நாலு இஞ்ச் வளர்ந்தது? யோசித்து யோசித்து, திடீரென்று அலுவலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, நீ தையலுக்கு விட்டிருக்கிறாய்! பக்கத்துக்கு இரண்டு இஞ்ச். மிஷினுக்கு, பீரோவுக்கு, கட்டிலுக்கு. பீரோ மூச்சு விடாது அம்மா. சாப்பிட்டால் அதற்கு இடுப்பு பெருக்காது.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டினேன். இரண்டு தப்பும் சரியானால் எல்லாமே நுழைந்துவிடும், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். மிஷின் 34, பீரோ 34, கட்டில் 75. மொத்தம் 143. நிற்கிறது. கட்டிலை எடுத்துவிட்டு மேசையை வைத்தால் 140. அதுவும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் நிற்கவில்லை. பென்சிலைச் சீவிச் சீவிப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சுவரில் ஒன்றுக்குத்தான் இடம்.

அதனால் இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

கட்டில் வேண்டாம் அம்மா. இங்கே என் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். பிப்ரவரியிலேயே படிவம் கொடுத்துவிட்டார்கள். மே 31 கடைசி நாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட ஆசையாக இருக்கிறது. அந்தப் படிவத்தை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் திறந்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன்.

"எந்த மூலைக்கு என்று முடிவாகவில்லை" என்று எழுதினேனே, அது பொய். பொய் சொல்ல வராது என்று மேலே எழுதியதும் பொய்தான்.

நீ வேண்டாம் என்றால் போடவில்லை. ஆனால் மேசையைக் கொடுத்துவிட்டு, எனக்காகக் கட்டிலைப் போட்டு வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லாதே. அந்தக் கட்டிலில் எனக்குத் தூக்கம் வராது.

உன் பதில் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூச்சி


மே 8

பூச்சிக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கவில்லை. இரண்டும் செய்திருக்க மாட்டாய்.

முதலில் அளவு. தையலுக்கு விட்டது உண்மைதான். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. டேப்பை எடுத்தால் கை தானாக இரண்டு இஞ்ச் தள்ளிப் பிடிக்கிறது. கூட இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் என்ன செய்வது? உங்கப்பாவைத்தான் பிடிபிடியென்று பிடித்தேன். "சுவர்ல எங்கேங்க கண்ணாடி?" என்றேன். "பீரோவுக்கு எதுக்குடி தையலுக்கு விட்ட?" என்று என்னைக் கேட்கிறார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவருடைய பழைய இருமல் திரும்பி வந்துவிட்டது.

இப்போது மற்றது.

ஓட்டுத் தையல் எதற்குப் போடுவார்கள் என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டுமா? உன் முதல் படத்தைப் பார்த்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று கேட்டேன். "வேறொன்றுமில்லை" என்று எழுதினாய் பார், அப்போது தெரிந்துவிட்டது. வேறொன்றும் இல்லாதவள் அதை எழுத மாட்டாள்.

தெரிந்தும் மேசையை ஏன் கொடுக்கப் பார்த்தாய் என்று கேட்பாய். நீயாக வாயைத் திறந்து சொல்லாமல், நானாக உன் கட்டிலை எடுத்துப் போட முடியுமா? அது உன்னைப் போ என்று சொல்வது மாதிரி இல்லையா? நாளைக்கு நீ வந்து நின்று, "என் இடம் எங்கேம்மா?" என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? அதனால்தான் எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தால் 'வந்துவிடு' என்று எழுதிவிடுவேனோ என்று பயம். எழுதியிருந்தால் நீ வந்துவிடுவாய். அதுதான் இன்னும் பயம்.

உன் பள்ளிக்கூடப் பாவாடை ஓரத்தில் மூன்று மடிப்பு வைத்துத் தைப்பேன். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவேன். மூன்றாவதையும் பிரித்த அன்றைக்கு நான் அழவில்லை. அடுத்த பாவாடைக்குத் துணி எடுக்கப் போனேன். இப்போது மட்டும் என்ன வந்தது எனக்கு? கையெழுத்துப் போடு. நன்றாகத் தெரிகிற மாதிரி போடு. பெயரை முணுமுணுக்கிற மாதிரி எழுதாதே.

ஒரு சின்னச் சிக்கல். உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே மேசை காஜா அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

நானே போய்க் கேட்டேன். "கொடுத்ததத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்க்கா" என்றாள். "ஆமாடி, வெக்கமாத்தான் இருக்கு. பதிலுக்குக் கட்டில் தரேன்" என்றேன். "கட்டிலா?" என்று நிமிர்ந்தாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா மேசையே வேணாம்னிருப்பேனே! இந்த மேசை வந்ததுலேர்ந்து நானும் எங்க வீட்டுக்காரரும் அதைச் சுத்திச் சுத்தித்தான் பேசிக்கிறோம்." உங்கப்பா டிப்போவிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். மேசை வந்தது, கட்டில் போனது. கட்டில் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். அவ்வளவுதான், அதற்கு மேல் நிற்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தது போதும். வேலையைப் பார்.

உன் அம்மா


மே 20

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நலமாக இருக்கிறேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன், மூன்று வேளையும் சாப்பிட்டேன். அம்மாவின் முழங்கால் மேசையைப் பார்த்ததும் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவத்தைக் கொடுக்கும்போது பிரிவுத் தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நானே, "எனக்கு இங்க வேலை செய்ய ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றேன். முழு வாக்கியம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "குரல் நல்லாத்தானே இருக்கு, இத்தனை நாள் எதுக்கு ஒளிச்சு வச்ச?" என்றார். மற்ற மூன்று பேரும் மேசையைத் தட்டினார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

மூன்றாவது படம் இதோ. மிஷின், மேசை, பீரோ. மேசை ஜன்னலுக்கு நேர் கீழே வருகிறது, வெளிச்சம் நேராகத் துணிமேல் விழும். நாலு இஞ்ச் மிச்சம் இருக்கிறது. அதை நீயே தையலுக்கு வைத்துக்கொள்.

படத்தை உற்றுப் பார்த்தால் மேசைக்குள்ளே ஒரு விட்டு விட்டுக் கோடு தெரியும். ஆறடிக்கு இரண்டரை அடி. உடனே சந்தேகப்பட வேண்டாம். எங்கள் வேலையில் அந்தக் கோட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒன்றுக்கு அடியில் இருப்பதை, மேலிருந்து பார்த்தால் தெரியாமல் இருப்பதை, அப்படித்தான் வரைய வேண்டும். தரைக்கடியில் போகிற குழாயை அப்படித்தான் போடுவோம். அது பிரிக்கிற தையல் இல்லை அம்மா, உள்பக்கத் தையல்.

மேசைக்கு அடியில் ஒரு மெத்தையைச் சுருட்டி வை. செப்டம்பரில் எனக்குப் பத்து நாள் விடுமுறை. சின்ன வயதில் வெட்டுத்துணிக் குவியலில் படுத்து, நீ மேலே கத்தரிக்கோல் ஓட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அங்கேதான் வாய்ப்பாடு படித்தேன். இடம் எனக்குச் சரியாக இருக்கும். எழுந்திருக்கும்போது மட்டும் தலையில் இடித்துக்கொள்வேன். அப்போதும் இடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா, அந்த நாலு இஞ்ச்சில் வண்டி நிறுத்தக் கூடாது.

பூச்சி


ஜூலை 2

அன்பு மகள் பூச்சிக்கு,

புது வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தோம். படி பதினெட்டு, முழங்கால் பதினேழு வரை பேசாமல் வருகிறது. உன் புதுச் சம்பாத்தியத்தில் நல்ல செருப்பு வாங்கிக்கொள்.

குடிவந்த கதையைக் கேள். உங்கப்பா படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு பீரோவுக்கு வழி காட்டினார். "வா, வா, வா... ஒடி... ஒடி... ஸ்டாப்! கொஞ்சம் ரிவர்ஸ்!" தூக்கிவந்த நாலு பேரும் டிப்போக்காரர்கள்தானே, அவர் 'ரைட்' என்றால் நகர்கிறார்கள், 'ஹோல்டான்' என்றால் பீரோவைத் தோளில் வைத்துக்கொண்டே நிற்கிறார்கள். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா நமக்குச் சரிப்பட்டு வருவார்.

எல்லாம் உன் படத்தில் உள்ளபடியே நிற்கிறது. மிச்சமிருந்த நாலு இஞ்ச்சில் உங்கப்பா தன் குடையைச் சாத்தி வைத்துவிட்டு, "பார்க்கிங்" என்கிறார். காஜா அக்கா கட்டிலில் படுத்து முதுகுவலி போய்விட்டதாம். வெளிச்சம் நான் சொன்ன மாதிரியே. நேற்று கண்ணாடி போடாமல் ஏழு சட்டை வெட்டினேன். அதில் ஒன்றுக்கு இரண்டு இடது கை வந்துவிட்டது. அதற்கு வெளிச்சத்தைக் குறை சொல்லக் கூடாது.

மெத்தையைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தாயிற்று. நீ தலையில் இடித்துக்கொள்கிற இடத்தில், மேசையின் அடிப்பக்கம் பஞ்சு வைத்து ஒரு துண்டுத் துணி அடித்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் தெரியாது. படத்தில் அதையும் உங்கள் முறைப்படி போட்டுக்கொள்.

ஒரு காரியம் பாக்கி. இனி நீ அங்கேயே தங்கப் போகிற அறைக்கு ஜன்னல் திரை இல்லாமல் இருக்கக் கூடாது. மஞ்சளில் கெட்டித் துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். உன் ஜன்னல் அளவை எழுதி அனுப்பு. உள்ள அளவை உள்ளபடி எழுது. தையலுக்கு நீ எதுவும் விடாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா